டீச்சரைக் கேளுங்கள்: தொண்ணூறு நிமிடப் பீரியட் நல்லதா?

கோவில்பட்டிப் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 9 வருடம், நார்த் கரோலினாவில் ஓர் அரசுப் பள்ளியில் 17 வருடம் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, "இங்கே ஒரு பீரியட் 90 நிமிடம், ஒரு நாளைக்கு நாலே பாடம்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்கள்தான் இந்த மாதப் பக்கம் முழுவதும். கல்லூரி விண்ணப்பம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் மகள் சேரப்போகும் ஹைஸ்கூலில் இப்போது 50 நிமிடப் பீரியட், நாளுக்கு ஏழு. அடுத்த வருடம் 90 நிமிடப் பீரியட், நாளுக்கு நாலு என்கிற பிளாக் ஷெட்யூலுக்கு மாறலாமா என்று பெற்றோரிடம் கேட்டுப் படிவம் அனுப்பியிருக்கிறார்கள். ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டே கட்டம். எதில் டிக் செய்வது டீச்சர்?
— ஒரு தாய், வர்ஜீனியா

படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு முதலில் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். "எந்த பிளாக்?" என்று கேளுங்கள். அது தெரியாமல் டிக் செய்ய முடியாது.

ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. ஒன்று ஏ–பி. எட்டுப் பாடமும் வருடம் முழுக்க உண்டு. இன்றைக்கு நாலு, நாளைக்கு மற்ற நாலு, மறுபடி பழைய நாலு. இன்னொன்று 4×4. ஆகஸ்டிலிருந்து ஜனவரிவரை நாலே பாடம், தினமும் அதேதான். ஜனவரியில் அவை முடிந்தே போய்விடும். அப்புறம் ஜூன்வரை வேறு நாலு. இலையில் பொரியலையும் கூட்டையும் மட்டும் வைத்து, அதைத் தின்று முடித்த பிறகுதான் சோறும் குழம்பும் வரும் என்பது போல.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். கோவில்பட்டியில் ப்ளஸ் டூ பிராக்டிகல் என்றால் இரண்டு பீரியடைச் சேர்த்துத்தான் போடுவார்கள். பிளாக் என்று அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை. சால்ட் அனாலிசிஸ் நடக்கிற நாளில் கிப்ஸ் அப்பாரட்டஸிலிருந்து அழுகின முட்டை வாடை வராண்டாவரைக்கும் வரும். பக்கத்து அறைத் தமிழய்யா ஜன்னலைச் சாத்திக்கொண்டு செய்யுள் நடத்துவார். ஒன்றரை மணி நேரம் அங்கே எங்கள் ராஜ்யம்.

1996இல் இங்கே வேலைக்குச் சேர்ந்தால், எல்லாமே 50 நிமிடம். டைட்ரேஷன் (நிறம் மாறும்வரை திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற சோதனை) வைத்தேன். கண்ணாடி மாட்டி, ஏப்ரன் கட்டி, பியூரெட்டைக் கழுவி நிரப்புவதற்குள் 12 நிமிடம் போய்விட்டது. கடைசி 8 நிமிடம் கழுவி வைக்க வேண்டும். நடுவில் மிஞ்சியது அரை மணி. முதல் ரீடிங்கில் பிங்க் நிறம் கூடிப்போய்விடும், அது எல்லாருக்கும் நடப்பது. இரண்டாவதை எடுக்கும்போது பெல் அடித்துவிடும். கன்கார்டன்ட் வேல்யூ (ஒன்றோடொன்று ஒத்துவரும் ரீடிங்) என்றால் என்ன என்றே தெரியாமல் லேப் ரிப்போர்ட் எழுதிக்கொண்டு வந்தன பிள்ளைகள். 1998இல் எங்கள் பள்ளி 90 நிமிடத்துக்கு மாறியபோது எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நிறம் கூடிப்போனால் கொட்டிவிட்டு மறுபடி செய் என்று சொல்ல முடிந்தது. செய்முறை உள்ள பாடத்துக்கு நீண்ட பீரியடைப் போல வேறொன்றும் இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஆனால் வாரத்தில் லேப் ஒரு நாள்தானே? மற்ற நாட்களில் நான் செய்தது, பழைய பாடக் குறிப்பு இரண்டை ஒட்டி ஒன்றாக்கி நடத்தியதுதான். ஒருநாள் துணைத் தலைமையாசிரியர் வகுப்பைப் பார்க்க வந்து பின்னால் உட்கார்ந்தார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தாளில் குறிக்க வேண்டும். போகும்போது தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். "கேட்கிறார்கள். கேட்கிறார்கள். கேட்கிறார்கள். கேட்கிறார்கள். ஒருவன் தூங்குகிறான். கேட்கிறார்கள்." அன்று முழுக்க அவர்மேல் எனக்குக் கோபம். ராத்திரி அந்தத் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். 90 நிமிடத்தில் அந்தப் பிள்ளைகள் ஒரு கணக்குக்கூடப் போடவில்லை, ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அதற்கப்புறம் 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசுவதை விட்டேன். விட இரண்டு வருடம் பிடித்தது என்பது வேறு விஷயம். ஆகவே பள்ளியிடம் இரண்டாவதாக இதையும் கேளுங்கள்: ஆசிரியர்களுக்கு இதற்காக எத்தனை நாள் பயிற்சி தருகிறீர்கள்? "கோடை விடுமுறையில் அரை நாள்" என்று பதில் வந்தால் உங்கள் மகள் 90 நிமிட லெக்சர்தான் கேட்பாள்.

இன்னொரு கணக்கை யாரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். 50 நிமிடம், 180 நாள்: ஒரு பாடத்துக்கு 150 மணி நேரம். 90 நிமிடம், 90 வகுப்பு: 135 மணி நேரம். ஏ–பி ஆனாலும் 4×4 ஆனாலும் இதே கணக்குதான். 15 மணி நேரம் எங்கே போனது? ஏழு பாடம் எட்டுப் பாடமாகிவிட்டது. அந்த எட்டாவது பாடம் மற்ற ஏழிடமும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொண்டதுதான். உங்கள் பழைய பீரியடில் சொன்னால் பாடத்துக்கு 18 வகுப்பு குறைகிறது. கூடுதலாக ஒரு பாடம் எடுக்கலாம் என்பது நல்லதுதான். ஆனால் "நேரம் அதிகம்" என்று விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

சரி, டிக். ஏ–பி என்றால் ஆதரவு. 4×4 என்றால் எதிர்ப்பு. ஓரத்தில் காரணத்தையும் எழுதிவிடுங்கள்; அது கீழே சார்லட் தந்தைக்கு எழுதிய பதிலில் இருக்கிறது.

என் பேத்திக்கு ஒரு நாளைக்கு நாலே பாடமாம். எங்கள் காலத்தில் எட்டு பீரியட், எட்டு வாத்தியார். இத்தனை மணி நேரம் படித்தால் போதும் என்று அமெரிக்காவில் யார் அம்மா முடிவு செய்கிறார்கள்?
— 78 வயது வாசகர், கும்பகோணம்

ஐயா, சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு பென்ஷன் திட்டம் முடிவு செய்தது.

1905இல் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுக்க ஒரு கோடி டாலர் எடுத்து வைத்தார். எந்தக் கல்லூரிக்குக் கொடுப்பது? உருப்படியான கல்லூரிக்கு. உருப்படியான கல்லூரி எது? ஹைஸ்கூலில் ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவர்களைச் சேர்க்கிற கல்லூரி. ஒழுங்காகப் படித்ததை எப்படி அளப்பது? ஒரு பாடத்தில் ஏறத்தாழ 120 மணி நேரம் உட்கார்ந்திருந்தால் ஒரு 'யூனிட்', அப்படி 14 யூனிட் இருக்க வேண்டும் என்று வைத்தார்கள். கல்லூரிகள் பென்ஷனுக்கு ஆசைப்பட்டு ஒத்துக்கொள்ள, ஹைஸ்கூல்களும் தினம் ஒரு பாடத்துக்கு ஒரு பீரியட் என்று பெல்லை அடிக்க ஆரம்பித்தன. பேராசிரியர்களின் பென்ஷனுக்காகப் போட்ட அளவு, நூறு வருடம் தாண்டியும் பதினைந்து வயதுப் பிள்ளைகளை ஆட்டி வைக்கிறது.

இதை உடைக்கப் பார்த்தவர்களும் உண்டு. 1950களின் கடைசியிலேயே ஜே. லாயிட் டிரம்ப் என்ற கல்வியாளர், பாடத்துக்குத் தகுந்தபடி பீரியடை நீட்டிச் சுருக்கலாம் என்றார். (ஆளை மாற்றி நினைத்துக்கொள்ளாதீர்கள், இவர் வேறு டிரம்ப்.) மாசசூசெட்ஸில் ஜோசப் கேரல் என்ற கல்வி அதிகாரி 1980களின் கடைசியில் 'கோபர்னிகஸ் திட்டம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு சமயத்தில் ஓரிரு பாடம் மட்டும், அதையே மணிக்கணக்காக. 1994இல் அமெரிக்க அரசு அமைத்த ஒரு குழு, "நேரத்தின் கைதிகள்" என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கையே கொடுத்தது. அதையொட்டிய வருடங்களில்தான் பிளாக் ஜுரம் பரவியது. 1990களின் கடைசிக்குள் எங்கள் மாநிலத்து ஹைஸ்கூல்களில் பெரும்பாலானவை 4×4க்கு மாறிவிட்டன.

பேத்தியிடம் ஒரு நாளைக்கு ஒவ்வொரு பாடத்துக்கும் எவ்வளவு வீட்டுப்பாடம் என்று கேட்டுப் பாருங்கள். நாலே பாடம் என்ற இளப்பம் போய்விடும்.

என் மகனுக்கு ஏபி (Advanced Placement, ஹைஸ்கூலிலேயே படிக்கிற கல்லூரித் தரப் பாடம்) கால்குலஸை முதல் செமஸ்டரில் போட்டுவிட்டார்கள். ஜனவரியில் வகுப்பு முடிந்துவிடும், பரீட்சை மே மாதம். இது என்ன நியாயம்?
— ஒரு தந்தை, சார்லட்

நியாயம் இல்லை. 4×4ஐ நான் எதிர்ப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஏபி பரீட்சை நாடு முழுக்க மே மாதத்தில் ஒரே அட்டவணைப்படி நடக்கிறது. உங்கள் பள்ளியின் பெல் அதற்குத் தெரியாது. முதல் செமஸ்டரில் படித்தவன் மூன்றரை மாதம் புத்தகத்தை மூடி வைத்திருந்துவிட்டுப் போய் எழுத வேண்டும். இரண்டாவது செமஸ்டரில் படிக்கிறவனுக்கு ஜனவரிக் கடைசியில்தான் பாடமே ஆரம்பிக்கும். பரீட்சை வரும்போது முழுப் பாடத்தையும் முடித்திருக்க முடியாது. இந்தப் பக்கம் போனால் மறதி, அந்தப் பக்கம் போனால் அவசரம்.

நீங்கள் செய்யக்கூடியது: கவுன்சலரைப் பார்த்து, வசந்த கால செமஸ்டரில் கால்குலஸ் பிசி இருக்கிறதா என்று கேளுங்கள். சில பள்ளிகளில் முதல் செமஸ்டரில் ஏபி (AB) என்கிற முதல் பாகம், அடுத்ததில் பிசி (BC) என்று ஜோடியாக வைப்பார்கள். அப்படி இருந்தால் மகன் மேவரை கணக்கை விடாமல் தொடர்கிறான், கவலையில்லை. அது இல்லாவிட்டால், ஏபி பாடங்களை மட்டுமாவது ஏ–பி முறையில் வருடம் முழுக்க நடத்தச் சொல்லிப் பெற்றோர் நாலு பேர் சேர்ந்து கேளுங்கள். (இரண்டும் ஏபி! ஒன்று பாடம், மற்றது அட்டவணை. நான் வைத்த பெயரில்லை.) 4×4 பள்ளிக்குள்ளேயே சில பாடங்களை இப்படி நடத்துகிற ஏற்பாடு உண்டு, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

இதைவிட மோசமான இடைவெளி ஒன்று இருக்கிறது, சின்ன வகுப்புப் பெற்றோர் கவனியுங்கள். ஒன்பதாம் வகுப்பில் முதல் செமஸ்டரில் ஸ்பானிஷ் 1. பத்தாம் வகுப்பில் இரண்டாம் செமஸ்டரில் ஸ்பானிஷ் 2. நடுவில் முழுசாக ஒரு வருடம்! கணக்குக்கும் இதே கதி நேரலாம். அட்டவணை கையில் வந்ததும் இந்த இரண்டு பாடங்களைத்தான் முதலில் பாருங்கள். வயலின், பேண்ட் என்று ஆர்கெஸ்ட்ராவில் இருக்கிற பிள்ளைக்கு இரண்டு செமஸ்டரும் வேண்டும். எட்டில் இரண்டு இடம் அதற்கே போய்விடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது? சுருக்கமாக.
— ஒரு வாசகர், பெங்களூரு

தலையில் வைத்துக் கொண்டாடும்படி ஒன்றும் சொல்லவில்லை.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பத்தாம் வகுப்பு அறிவியல் மாணவர்களை வைத்து டேவிட் பேட்சன் என்பவர் 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். வருடம் முழுக்கப் படித்தவர்கள், செமஸ்டரில் படித்து முடித்தவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். அமெரிக்கக் கல்லூரிகளில் முதல் வருட அறிவியல் படிப்பவர்களிடம், நீ ஹைஸ்கூலில் எந்த அட்டவணையில் படித்தாய் என்று கேட்டு ஒப்பிட்ட ஆய்வு 2006இல் வந்தது. பிளாக்கில் படித்து வந்தவர்களுக்கு அனுகூலம் எதுவும் தெரியவில்லை. 2010இல் இங்கிலாந்தில் பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தார்கள். அங்கேயும் மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்குத் திடமான ஆதாரம் கிடைக்கவில்லை.

நீங்கள் சுருக்கமாகக் கேட்டீர்கள், நான் ஒரு பையனைப் பற்றிச் சொல்லாமல் விடமாட்டேன். ராத்திரி பதினொன்றுவரை ஒரு ரெஸ்டாரன்ட் சமையலறையில் பாத்திரம் கழுவிவிட்டு, காலையில் என் வகுப்பில் கண் சிவக்க உட்கார்ந்திருப்பான். முதல் செமஸ்டரில் அல்ஜீப்ராவில் தோற்றான். பழைய முறையாக இருந்திருந்தால் அந்த வருடம் போனது போனதுதான்; அடுத்த ஆகஸ்டில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு முதலிலிருந்து. அவன் வந்திருக்கமாட்டான். 4×4 என்பதால் பிப்ரவரியிலேயே அதே அல்ஜீப்ராவை மறுபடி எடுத்துப் பாஸ் செய்தான். தன் செட்டுப் பிள்ளைகளோடு தொப்பியைத் தூக்கி எறிந்தான். அவனுடைய அம்மா என்னிடம் ஏதோ ஸ்பானிஷில் சொன்னார், எனக்குப் புரியவில்லை, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். 4×4க்கு எதிராக நான் எவ்வளவு பேசினாலும் அந்தப் பையன் முகம் வந்து நடுவில் நிற்கும்.

டிசம்பரில் ஐந்து வாரம் சென்னை போகலாம் என்று டிக்கெட் பார்க்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பு, 4×4 பள்ளி. பத்து நாள் லீவு போட்டால் என்ன?
— ஒரு வாசகி, நார்த் கரோலினா

வேண்டாம். பத்து நாள் என்று நீங்கள் நினைப்பது, பாடக் கணக்கில் ஏறத்தாழ இருபது நாள். நான் மோல் கணக்கை இரண்டே நாளில் முடித்துவிடுவேன்; அந்த இரண்டு நாளும் ஒருத்தி வரவில்லை என்றால் அவளுக்கு அந்த செமஸ்டரே தடுமாற்றம்தான்.

இன்னொன்று. எங்கள் மாநிலத்தில் 2004இல் வந்த சட்டப்படி, வழக்கமான பள்ளிகள் ஆகஸ்ட் கடைசி வாரத்துக்கு முன்னால் திறக்கக் கூடாது. அதனால் முதல் செமஸ்டர் கிறிஸ்துமஸுக்கு முன் முடியாமல் ஜனவரிக்குத் தள்ளிப்போகும். விடுமுறை முடிந்து வந்த கையோடு இறுதிப் பரீட்சை. சபா கேன்டீனில் அடை அவியல் சாப்பிட்டுவிட்டு, பாதி ராத்திரியில் முழித்துக்கொண்டும் பட்டப்பகலில் தூங்கி வழிந்துகொண்டும் வந்து பயாலஜி எழுதிய நம் பிள்ளைகளை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன். உங்கள் பள்ளியின் பரீட்சைத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். இரண்டு வாரம் போதும், கச்சேரி அடுத்த வருடமும் இருக்கும்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர். எங்கள் பள்ளிகளுக்கு இது சரிப்படுமா, மேடம்?

சார், நம் ஊரில் பிளாக் ஷெட்யூல் ரொம்ப நாளாக இருக்கிறது. பி.இ.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குகிறாரே, அதுதான். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

விளையாட்டை விடுங்கள். 4×4 நமக்கு நடக்கவே நடக்காது. ப்ளஸ் டூவில் ஆறு பாடத்துக்கும் மார்ச்சில் ஒரே மூச்சாகப் பொதுத்தேர்வு. ஜூனில் தொடங்கி அக்டோபரில் இயற்பியலை முடித்துவிட்டு மார்ச்வரை அதை யார் நினைவில் வைத்திருப்பது? மேலே சார்லட் தந்தை படுகிற பாட்டை எல்லாப் பாடத்துக்கும் பட வேண்டிவரும். ஏ–பி முறை நடக்கும். ஆனால் ஐம்பது அறுபது பேர் இருக்கிற அறையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மின்விசிறி ஓடுகிறதோ இல்லையோ தெரியாத ஒரு நாளில், 90 நிமிடம் தொடர்ந்து கணக்கு என்றால் நானே தூங்கிவிடுவேன். இங்கே என் வகுப்பில் இருந்தது 26 பேர். அந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு அட்டவணையை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது.

எனக்கு ஓர் ஆசை உண்டு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பு அறிவியலுக்கு வாரத்தில் ஒரு நாள் இரட்டைப் பீரியட் போட்டுப் பாருங்கள். பிராக்டிகல் மார்க் இருக்கிற வகுப்புக்குத்தான் நாம் இரண்டு பீரியடைச் சேர்க்கிறோம். மார்க் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் ஒரு சோதனைக் குழாயைத் தொடாமலே ஒன்பதாம் வகுப்பு முடிக்கிறார்கள். டைம்டேபிள் போடுகிறவர் உங்கள் பள்ளியில் யார் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கோவில்பட்டிப் பள்ளியில் ஜூன் முதல் வாரம் அவர் கையில் பென்சிலும் ரப்பருமாக, யாரிடமும் பேசாமல் திரிவார். ரப்பர் தேய்வதற்கு முன்னால் போய்ப் பிடியுங்கள்.

ஆன்ட்டி, 90 மினிட்ஸ் ரொம்ப போர். என்ன செய்யலாம்?
— பத்தாம் வகுப்பு மாணவன், கேரி

தெரியும் கண்ணா. முன் வரிசையில் உட்கார். 40ஆவது நிமிடத்தில் ஒரு கேள்வி கேள்; அபத்தமாக இருந்தாலும் பரவாயில்லை, டீச்சருக்கும் அந்த நேரத்தில் போர்தான் அடிக்கும். பாத்ரூம் பாஸை 60ஆவது நிமிடம்வரை செலவழிக்காதே.